பாராபங்கியில் எடுத்த ஒரு பொட்டலம்: நெஸ்லே இந்தியாவின் மேகி நெருக்கடி, ஒரு நிகழ்வு ஆய்வு

2015 ஜூன் மாதம் மேகி நூடுல்ஸ் இந்தியக் கடைகளிலிருந்து மறைந்தது. நவம்பரில் திரும்பி வந்தது. நடுவிலிருந்த ஐந்து மாதக் கதை பலருக்கும் நினைவிருக்கும். மேலாண்மை வகுப்புகளில் இதை விழுந்து எழுந்த ஒரு பிராண்டின் கதையாகவே சொல்லித்தருகிறார்கள். ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதி அந்த ஐந்து மாதத்துக்கு முன்பே, பெரிதாக யாரும் கவனிக்காத பதினான்கு மாதங்களில் நடந்துவிட்டது என்பது என் கணிப்பு. உணவுத் தயாரிப்பில் இருப்பவர்களுக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று அந்தக் கோணத்திலிருந்து இதைத் தொகுத்திருக்கிறேன். நிறுவனமும் அரசு அமைப்புகளும் பொது ஆவணங்களில் உள்ளவை என்பதால் பெயருடன் வருகின்றன. அதிகாரிகளையும் நிர்வாகிகளையும் பதவியால் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

பின்னணி: பால் பவுடரிலிருந்து நூடுல்ஸ் வரை

சுவிட்சர்லாந்தின் நெஸ்லே இந்தியாவில் வியாபாரம் தொடங்கியது 1912-இல். அப்போது அது வெளிநாட்டில் தயாரான சரக்கைக் கப்பலில் கொண்டுவந்து விற்கும் கம்பெனி மட்டுமே. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த முறை செல்லாமல் போனது. இறக்குமதிக்குக் கொடுக்க அந்நியச் செலாவணி இல்லை. இங்கே விற்க வேண்டுமானால் இங்கே தயாரிக்க வேண்டும் என்றது அரசு. குஜராத்தில் அமுல் பால் பொருட்களைத் தயாரித்த கெய்ரா கூட்டுறவு ஒன்றியத்தை நடத்திய வர்கீஸ் குரியன் அந்தக் காலத்தைப் பற்றிப் பின்னாளில் ஒரு செய்தியைச் சொல்லியிருக்கிறார். உள்ளூர் எருமைப் பாலில் கெட்டிப்பால் தயாரிப்பது பற்றிப் பேச அவர் நெஸ்லே தலைமையகத்துக்குப் போனபோது, இந்த வேலையை உள்ளூர்க்காரர்களிடம் ஒப்படைக்க முடியாது என்ற தொனியில் பதில் கிடைத்ததாம். கோபத்துடன் திரும்பியவர் தம் ஆலையிலேயே அதைத் தயாரித்துக் காட்டினார். இது ஒரு தரப்பின் நினைவு மட்டுமே. ஆனாலும் தொழில்நுட்பம் எங்களிடம்தான் இருக்கிறது என்ற அந்த நம்பிக்கையின் சாயல் 2015-இலும் தெரியும் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

1959-இல் ஃபுட் ஸ்பெஷாலிட்டீஸ் லிமிடெட் என்ற பெயரில் இந்திய நிறுவனம் பதிவானது. 1961-இல் பஞ்சாபின் மோகாவில் முதல் ஆலை வந்தது. முதலில் பால் ஊற்றியவர்கள் 180 விவசாயிகள். ஊர் ஊராகப் பால் சேகரிப்பு மையம், குளிரூட்டும் தொட்டி, கால்நடை மருத்துவர், தீவனம் என்று நிறுவனம் படிப்படியாக இறங்கி வேலை செய்தது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே அந்த வட்டாரத்தில் பால் கொடுக்கும் விவசாயிகள் 75,000 பேரைத் தாண்டினார்கள். 1967-இல் நீலகிரியின் சோலாடியில் வந்த இரண்டாவது ஆலை, சுற்றியுள்ள தோட்டங்களின் தேயிலையிலிருந்து கரையும் தேநீர்த் தூள் தயாரித்தது. தமிழ்நாட்டில் இந்த நிறுவனத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1973-இன் அந்நியச் செலாவணிச் சட்டம் வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னபோது கோகோ கோலாவும் ஐ.பி.எம்.மும் நாட்டை விட்டுப் போயின. இந்த நிறுவனம் பங்கைக் குறைத்துக்கொண்டு இருந்துவிட்டது. 1990-இல் நெஸ்லே இந்தியா லிமிடெட் என்று பெயர் மாறியது. தாராளமயத்துக்குப் பிறகு தாய் நிறுவனத்தின் பங்கு மறுபடியும் பாதிக்கு மேல் ஏறியது. அரசோடு மோதாமல் வளைந்து கொடுத்து நிலைத்தது இந்தக் கம்பெனியின் பழக்கம். 2015-இல் நீதிமன்றப் படியேறியது அந்தப் பழக்கத்துக்கு விலக்கு.

மேகி இந்தியச் சந்தைக்கு வந்தது 1983-இல். நூடுல்ஸ் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாத பண்டம். சோற்றுக்கோ சப்பாத்திக்கோ மாற்றாக விற்க முயலாமல், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்குச் சாயங்காலப் பலகாரமாக அதைக் கொண்டுபோனதுதான் வெற்றியின் சூட்சுமம். 1997-இல் தயாரிப்பு முறையை மாற்றிச் சுவை கெட்டபோது விற்பனை விழுந்தது. 1999-இல் பழைய சுவைக்கே திரும்பினார்கள். 2014 வாக்கில் இந்திய உடனடி நூடுல்ஸ் சந்தையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் மேகியிடம் இருந்தது. அந்த ஆண்டு நிறுவனத்தின் விற்பனை சுமார் 9,800 கோடி ரூபாய். அதில் ஏறத்தாழ கால்வாசி இந்த ஒரே பண்டத்திலிருந்து வந்தது.

2014 மார்ச்: மாதிரி எடுத்தது

உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வழக்கமான சோதனையின்போது ஒரு பெரிய கடையிலிருந்து மேகி பொட்டலங்களை மாதிரியாக எடுத்தார். அவர் கண்ணில் பட்டது உறையில் இருந்த ஒரு வாசகம்: எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை. எம்.எஸ்.ஜி. என்பது மோனோசோடியம் குளுட்டமேட். நம் வீடுகளில் அஜினோமோட்டோ என்று சொன்னால்தான் புரியும்.

இந்த வாசகத்தை அச்சிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொல்லப்போனால், நூடுல்ஸுடன் வரும் மசாலாவில் எம்.எஸ்.ஜி. சேர்ப்பதைச் சட்டம் தடுக்கவும் இல்லை. சேர்த்தால் உறையில் குறிப்பிட வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பொருளின் மீது தாய்மார்களுக்கு இருந்த பயத்தைப் போக்க விளம்பரப் பிரிவு தானாக முன்வந்து எழுதிய வரி அது.

அந்த வரியில் ஒரு வேதியியல் சிக்கல் இருந்தது. மசாலாவில் வெங்காயத் தூளும், நீராற்பகுத்த (நீரின் துணையால் சிறு கூறுகளாக உடைத்த) கடலைப் புரதமும் இருந்தன. நூடுல்ஸோ கோதுமை மாவு. இவை எல்லாவற்றிலும் குளுட்டமேட் இயற்கையாகவே உண்டு. ஆய்வகத்தின் கருவி குளுட்டமேட்டின் அளவைத்தான் காட்டும். அது கோதுமையிலிருந்து வந்ததா, வெங்காயத்திலிருந்து வந்ததா, மூட்டையிலிருந்து கொட்டியதா என்று பிரித்துச் சொல்லாது. ஆகவே 'சேர்க்கவில்லை' என்ற கூற்று உண்மையாகவே இருந்தாலும் சோதனையால் அதை நிரூபிக்க வழியில்லை.

கோரக்பூர் மாநில ஆய்வகம் மாதிரியில் எம்.எஸ்.ஜி. இருப்பதாக அறிக்கை கொடுத்தது.

பதினான்கு மாதங்கள்

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன்படி, முதல் ஆய்வக அறிக்கையை ஏற்காத நிறுவனம் மேல்முறையீடு செய்யலாம். மாதிரி அப்போது மேல்முறையீட்டு ஆய்வகத்துக்குப் போகும்; அங்கே வரும் முடிவே இறுதி. நிறுவனம் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது. நாங்கள் எம்.எஸ்.ஜி. சேர்ப்பதில்லை, இருப்பது இயற்கையானது என்ற வாதத்தில் அதற்குச் சந்தேகம் இல்லை. லேபிள் பிழை வழக்கில் வரக்கூடிய அபராதமும் சில லட்சம் ரூபாய்தான். இப்படிப்பட்ட நோட்டீஸ்கள் பெரிய உணவு நிறுவனங்களுக்கு மாவட்டந்தோறும் வந்துகொண்டே இருக்கும். உள்ளூர் வழக்கறிஞரும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவும் பார்த்துக்கொள்வது வழக்கம். அந்த வகையில் முடிவு பிழையானது என்று சொல்ல முடியாது.

மாதிரி கொல்கத்தாவின் மத்திய உணவு ஆய்வகத்துக்குப் போனது. முடிவு வந்தது 2015 ஏப்ரல் வாக்கில். எம்.எஸ்.ஜி. கேள்விக்காக அனுப்பிய மாதிரியில் காரீயமும் அளக்கப்பட்டிருந்தது: 17.2 பிபிஎம், அதாவது ஒரு கிலோவுக்கு 17.2 மில்லிகிராம். அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 2.5.

கேள்வியின் தன்மையே இங்கே மாறிவிட்டது. லேபிள் பிழை என்பது வேறு, குழந்தைகள் தின்னும் பண்டத்தில் காரீயம் என்பது வேறு. காரீயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு என்பதைப் படித்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பொட்டலம் 2014 பிப்ரவரியில் தயாரானது. அதன் பயன்பாட்டுக் காலம் அந்த ஆண்டு நவம்பரோடு முடிந்துவிட்டது. அறிக்கை வந்தபோது அந்தத் தொகுதியில் (பேட்ச்) ஒரு பொட்டலம்கூடக் கடையில் இருக்க வாய்ப்பில்லை. காலாவதியாவதால் காரீயம் உண்டாகாது என்பது உண்மைதான். ஆனால் அந்த மாதிரி பல மாதங்கள் பல கைகள் மாறியபின் கிடைத்த ஒரே ஒரு அளவீட்டைச் சரிபார்க்க, அதே தொகுதியில் கடைச் சரக்கு எதுவும் இல்லை. இந்த 17.2 எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பத்தாண்டுகளில் எந்த நீதிமன்றமும் எந்த ஆய்வகமும் பதில் சொல்லவில்லை. பின்னர் நடந்த சோதனைகள் எல்லாம் வேறு தொகுதிகளில் நடந்தவை.

2015 மே 20 முதல் ஜூன் 5 வரை

மே 20 அளவில் உத்தரப் பிரதேச உணவுத் துறை அந்தத் தொகுதியைத் திரும்பப் பெறச் சொன்னது. செய்தி பத்திரிகைகளில் வந்தது. நிறுவனம் மறுநாள் அறிக்கை விட்டது: அந்தத் தொகுதி எப்போதோ காலாவதியாகிவிட்டது, எங்கள் பொருள் பாதுகாப்பானது. பின்னர், தன் ஆய்வகத்தில் சுமார் ஆயிரம் தொகுதிகளையும் வெளி ஆய்வகத்தில் அறுநூறு தொகுதிகளையும் சோதித்துவிட்டதாகச் சொன்னது.

இந்த அறிக்கைகளில் பொய் என்று சுட்டக்கூடியது எதுவும் இல்லை. ஆனால் அவற்றைப் படித்து எந்தத் தாயும் நிம்மதி அடைந்திருக்க முடியாது. சமூக ஊடகங்களில் கேட்டவர்களுக்கெல்லாம் அச்சடித்தாற்போல ஒரே பதில் திரும்பத் திரும்பப் போனது. நிறுவனத்தின் முகமாக ஒருவர் தொலைக்காட்சியில் வந்து உட்காரவில்லை. வந்த முகங்கள் விளம்பரத்தில் நடித்த திரை நட்சத்திரங்களுடையவை. பிகாரில் ஒரு நீதிமன்றம் அவர்கள்மீது வழக்குப் பதியச் சொன்னது. இரண்டு வாரம் பேசியவர்கள் எல்லாம் மற்றவர்கள்தான்.

மாநிலங்கள் ஒவ்வொன்றாக மாதிரி எடுக்கத் தொடங்கின. டெல்லியில் எடுத்த 13 மாதிரிகளில் 10-இல் காரீயம் அளவுக்கு மேல் என்றார்கள்; ஜூன் 3-ஆம் தேதி 15 நாள் தடை வந்தது. கேரளத்திலும் கோவாவிலும் நடந்த சோதனைகள் எல்லைக்குள் இருப்பதாகக் காட்டின. தமிழ்நாடு ஜூன் 4-ஆம் தேதி மேகியோடு வேறு மூன்று நிறுவனங்களின் நூடுல்ஸையும் சேர்த்து மூன்று மாதத்துக்குத் தடை செய்தது. ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ், ஒரே பண்டத்துக்கு மாநிலத்துக்கு ஒரு முடிவு வந்தது. இதில் ஒரு பகுதி அளக்கும் முறையைப் பற்றிய வேறுபாடு. மசாலாவையும் நூடுல்ஸையும் சாப்பிடும் விதத்தில் சேர்த்து அளக்க வேண்டும் என்றது நிறுவனம். மசாலாப் பொட்டலத்தைத் தனியாகவே அளக்க வேண்டும் என்றது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம். சிறிய பொட்டலத்தைத் தனியாக அளந்தால் எண் பெரிதாகத் தெரியும் என்பது வெளிப்படை. இப்படி ஒரு கேள்வி இருப்பதே தடை வந்த பிறகுதான் பொதுவெளியில் தெரிந்தது.

ஜூன் 4 நள்ளிரவையொட்டி நிறுவனம் நாடு முழுவதும் மேகி நூடுல்ஸைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உலகத் தலைமைச் செயல் அதிகாரி டெல்லிக்குப் பறந்து வந்து ஜூன் 5 அன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். பொருள் பாதுகாப்பானது என்ற நிலையை மாற்றாமல், நுகர்வோரின் நம்பிக்கை குலைந்திருப்பதால் இப்போதைக்கு எடுத்துவிடுகிறோம் என்றார். உறையிலிருந்த எம்.எஸ்.ஜி. வாசகத்தை நீக்கவும் ஒப்புக்கொண்டார். அதே நாள் மத்திய ஆணையமும் ஆணை பிறப்பித்தது: ஒன்பது வகை மேகி நூடுல்ஸையும் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. மூன்று காரணங்கள் சொன்னது. காரீயம் அளவுக்கு மேல். லேபிள் தவறாக வழிநடத்துகிறது. ஓட்ஸ் நூடுல்ஸ் முன் அனுமதி இல்லாமல் சந்தைக்கு வந்தது.

திரும்பப் பெறும் முடிவு சரியானதா என்று அப்போது நிறுவனத்துக்குள்ளும் வெளியிலும் கேட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல ஆகாதா என்பது கேள்வி. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. தாமதமாக வந்தது என்பதுதான் குறை. மே கடைசி வாரத்திலேயே எடுத்திருந்தால் அது நிறுவனத்தின் சொந்த முடிவாக இருந்திருக்கும். ஜூன் 5-ஆம் தேதி எடுத்தபோது ஆணையத்தின் தடையும் அதுவும் ஒரே செய்தியில் வந்தன. எது முந்தியது என்பது யார் நினைவிலும் நிற்கவில்லை.

எரித்தது

பல லட்சம் கடைகளிலிருந்து, தெருமுனைப் பெட்டிக்கடை முதல் பெருநகர அங்காடி வரை, சரக்கைத் திருப்பி எடுக்க வேண்டும். சரக்கு இறக்கும் வழி மட்டுமே தெரிந்த விநியோக அமைப்பு இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டியிருந்தது. கடைக்காரரிடமிருந்து முகவருக்கு, முகவரிடமிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து அழிக்கும் இடத்துக்கு. ஒவ்வொரு படியிலும் கணக்கு, ஒவ்வொரு படியிலும் பணம் திருப்பித் தர வேண்டும். 30,000 டன்னுக்கும் மேல் சேர்ந்தது. புதைத்தால் யாராவது தோண்டி எடுத்து விற்கக்கூடும் என்பதால், நொறுக்கி, சிமெண்ட் ஆலைகளின் சூளையில் எரிபொருளோடு கலந்து எரித்தார்கள். சரக்கின் மதிப்பை மட்டும் நிறுவனம் 320 கோடி ரூபாய் என்று முதலில் கணக்கிட்டது. முகவர்களின் கைமுதல் முடங்கியது. ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வேலை நின்றது.

2015 ஜூன் காலாண்டில் நிறுவனம் 64.4 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. முந்தைய ஆண்டு அதே காலாண்டில் லாபம் சுமார் 288 கோடி. ஜூலை இறுதியில் நிர்வாக இயக்குநர் மாற்றப்பட்டார். பிலிப்பைன்ஸ் கிளையை நடத்திக்கொண்டிருந்த இந்தியர் ஒருவர் ஆகஸ்ட் முதல் பொறுப்பேற்றார்.

நீதிமன்றம்

திரும்பப் பெறும் பணி நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூன் 11 அன்று நிறுவனம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சரக்கைத் தானே எடுத்துவிட்டு, தடையை எதிர்த்து வழக்கும் போடுவது வெளிப்பார்வைக்கு முரணாகத் தெரியலாம். அதற்குக் காரணம் இருந்தது. தானாக எடுத்த சரக்கைத் தானாகத் திரும்ப வைக்கலாம். ஆணையத்தின் ஆணை நிலைத்திருந்தால் வைக்க முடியாது. ஏற்றுமதிக்கு மட்டும் நீதிமன்றம் ஜூன் இறுதியில் அனுமதி தந்தது. சிங்கப்பூர், பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளின் உணவு அமைப்புகள் இந்தியாவில் தயாரான அதே சரக்கைச் சோதித்து ஏற்றுக்கொண்டிருந்தன.

இதற்கிடையில், தீர்ப்புக்குச் சில நாட்களுக்கு முன்பு, மத்திய நுகர்வோர் விவகார அமைச்சகம் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் சுமார் 640 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அரசே நுகர்வோர் சார்பில் வழக்காடும் பிரிவு முதன்முறையாகப் பயன்பட்டது அப்போதுதான்.

ஆகஸ்ட் 13 அன்று தீர்ப்பு வந்தது. தடை ரத்தானது. நீதிமன்றம் சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, நிறுவனத்தின் தரப்பைக் கேட்காமல் தடை விதித்தது இயற்கை நீதிக்கு மாறானது. மற்றது, சோதனை நடந்த ஆய்வகங்கள் சட்டம் கேட்கும் அங்கீகாரம் இல்லாதவை, அல்லது காரீயச் சோதனைக்கான அங்கீகாரம் இல்லாதவை. சரக்கை எரித்ததன் மூலம் நிறுவனம் சான்றை அழித்தது என்ற ஆணையத்தின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆனால் உடனே விற்கலாம் என்றும் சொல்லவில்லை. ஐதராபாத், ஜெய்ப்பூர், மொஹாலி ஆகிய ஊர்களில் உள்ள அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுசோதனை நடத்த வேண்டும். தேறினால் புதிதாகத் தயாரித்து, அதையும் அதே ஆய்வகங்களில் சோதித்த பிறகே விற்க வேண்டும். இந்த வழக்கில் எனக்குப் பிடித்த பகுதி இது. நடைமுறைப் பிழையைச் சுட்டிக்காட்டி ஆணையை ரத்து செய்த நீதிமன்றம், பண்டத்தின் மேலிருந்த சந்தேகத்தை அப்படியே விட்டுவிடாமல் அதற்கும் ஒரு வழி சொன்னது.

அக்டோபர் 16 அன்று 90 மாதிரிகளின் முடிவுகள் வந்தன. காரீயம் எல்லாவற்றிலும் எல்லைக்குள் இருந்தது. நஞ்சன்கூடு, மோகா, கோவாவின் பிச்சோலிம் ஆலைகளில் உற்பத்தி தொடங்கியது. புதிய சரக்கும் நவம்பர் முதல் வாரத்தில் தேறியது.

திரும்பி வந்தது

நவம்பர் 9, தீபாவளி வாரம். மேகி மறுபடியும் கடைக்கு வந்தது. முதலில் மசாலா வகை மட்டும், நூறு நகரங்களில். சில நாட்களில் இணையத்தில் விற்பனைக்கு விட்ட 60,000 பெட்டிகள் ஐந்தே நிமிடத்தில் தீர்ந்தன. கடைக்குத் திரும்பும் முன்பே, மேகி இல்லாமல் தவிக்கும் இளைஞர்களைக் காட்டிச் சிறு விளம்பரப் படங்களை நிறுவனம் வெளியிட்டிருந்தது. ஜூன் மாதத்து அறிக்கைகளில் இல்லாத மனிதக் குரல் அவற்றில் இருந்தது. அதே மாதம் பதஞ்சலி நிறுவனமும் கோதுமை நூடுல்ஸைக் கொண்டுவந்தது. இருந்தும் 2016-க்குள் மேகி சந்தையில் பாதிக்கு மேல் திரும்பப் பிடித்தது. பழைய முக்கால் பங்கு உடனே கைக்கு வரவில்லை.

2015 முழு ஆண்டின் லாபம் சுமார் 563 கோடி. முந்தைய ஆண்டு 1,185 கோடி. ஒரே பண்டத்தில் சாய்ந்திருந்த ஆபத்தை உணர்ந்து, 2016-இல் இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட புதிய பொருட்களை இறக்கினார்கள். நாட்டைப் பதினைந்து வட்டாரங்களாகப் பிரித்து, அந்தந்த வட்டாரத்திலேயே முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். 2017-இல் ஹரியாணாவின் மானேசரில் உணவுப் பாதுகாப்பு நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். 2018-இல் விற்பனை 11,000 கோடியைத் தாண்டியது.

நுகர்வோர் ஆணைய வழக்கு மட்டும் நீண்டது. உச்ச நீதிமன்றம் அதை 2015 டிசம்பரில் நிறுத்திவைத்தது. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் அறிக்கை காரீயம் எல்லைக்குள் இருப்பதாகச் சொன்னது. 2019 ஜனவரியில் வழக்கு மறுபடியும் உயிர்பெற்றது. 2024 ஏப்ரலில் தேசிய ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. பாராபங்கியில் மாதிரி எடுத்த நாளிலிருந்து கணக்கிட்டால் பத்தாண்டு.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பக்கம் மாறியவை

ஓட்ஸ் நூடுல்ஸ் விவகாரத்தில் சுட்டிய முன் அனுமதி முறைக்குச் சட்ட வலு இல்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் 2015 ஆகஸ்டில் உறுதிசெய்தது. ஆணையம் அந்த முறையையே கைவிட்டது. தடைக்குச் சொன்ன மூன்று காரணங்களில் ஒன்று இப்படிக் காலடியிலிருந்து நழுவியது.

2016 மார்ச் 31 அன்று எம்.எஸ்.ஜி. பற்றி ஆணையம் ஒரு தெளிவுரை தந்தது. சேர்த்ததையும் இயற்கையாக இருப்பதையும் பிரித்தறியும் சோதனை முறை இல்லை என்பதால், குளுட்டமேட் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வழக்குத் தொடுக்கக் கூடாது, ஆனால் எம்.எஸ்.ஜி. இல்லை என்றோ சேர்க்கவில்லை என்றோ உறையில் எழுதியிருந்து சோதனையில் அது தென்பட்டால், தவறான லேபிளுக்காக நடவடிக்கை எடுக்கலாம். இந்த ஒரு பத்தி 2014 மார்ச்சில் இருந்திருந்தால், நிறுவனம் அந்த வரியை அழித்திருக்கும். அலுவலருக்கும் வேறு வேலை இருந்திருக்கும்.

மாற வேண்டியவை

உறையில் அச்சிடும் ஒவ்வொரு வாசகத்தையும், குறிப்பாக 'இல்லை' என்று முடியும் வாசகங்களை, விளம்பரப் பிரிவு எழுதும் முன் ஆய்வகம் பார்க்க வேண்டும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, இது உண்மையா என்பதோடு நிற்காது. இதை மறுப்பவர் சோதித்தால் எண் என்ன காட்டும் என்பதும் தெரிய வேண்டும். இன்று தமிழ்நாட்டில் சத்துமாவும் மசாலாப் பொடியும் விற்கும் சிறு தொழில்முனைவோர் பலரும் இரசாயனம் இல்லை, நிறமூட்டி இல்லை, சர்க்கரை சேர்க்கவில்லை என்று தாராளமாக எழுதுகிறார்கள். பேரீச்சம்பழமோ வெல்லமோ கலந்த பொடியின்மேல் அந்தக் கடைசி வரி எவ்வளவு தாங்கும் என்பதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

மாவட்ட நோட்டீஸ் வந்தால், மேல்முறையீடு செய்யும் முன் அதே தொகுதியின் காப்பு மாதிரியை (ஆலையில் எடுத்துவைத்த பொட்டலத்தை), சம்பந்தப்பட்ட கேள்விக்கு மட்டுமல்லாமல் உலோகம், பூச்சிக்கொல்லி எல்லாவற்றுக்குமாக, அங்கீகாரமுள்ள வெளி ஆய்வகத்தில் சோதித்துவிட வேண்டும். மேல்முறையீட்டு ஆய்வகம் நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதன் முடிவுக்கு மேல் வேறு ஆய்வகமும் கிடையாது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது. அது போதும். காப்பு மாதிரியைப் பயன்பாட்டுக் காலம் முடிந்ததும் தூக்கி எறியாமல், வழக்கு முடியும்வரை முத்திரையோடு வைத்திருக்க வேண்டும்.

அரசுப் பக்கம் வேலை இன்னும் பெரியது. இந்த வழக்கில் ஆய்வகங்களின் தகுதிதான் தடையைக் கவிழ்த்தது. அதற்கு இரண்டாண்டுக்குப் பிறகு, 2017 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, மாதிரிகள் அனுப்பப்பட்ட 72 மாநில ஆய்வகங்களில் 65-க்கு, ஆய்வகங்களின் தகுதியைச் சான்றளிக்கும் தேசிய வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்றது. அப்படிப்பட்ட ஆய்வகத்தின் அறிக்கை நல்ல தயாரிப்பாளரைக் கெடுக்கும். கெட்ட தயாரிப்பாளரையோ நீதிமன்றத்தில் காப்பாற்றிவிடும். நுகர்வோருக்கு இரண்டிலும் நட்டம்.

அதுவரை தயாரிப்பாளரின் கையில் இருப்பது சட்டத்தின் 47-ஆவது பிரிவு. அலுவலர் எடுக்கும் மாதிரி நான்கு பங்காகிறது: ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு மாவட்ட நியமன அலுவலருக்கு. நான்காவது பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லித் தயாரிப்பாளர் கேட்கலாம். இரண்டு அறிக்கைகளும் முரண்பட்டால் மேல்முறையீட்டு ஆய்வகம் தலையிடும். மாதிரி எடுக்கும் அந்த நேரத்திலேயே, எழுத்தில், இதைக் கேட்டுவிட வேண்டும்.